ஸ்கேனரில் சிக்காத சார்ஸ்

2003 பிப்ரவரி 21. சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து ஒரு திருமணத்துக்காக ஹாங்காங் வந்த 64 வயது மருத்துவர், மெட்ரோபோல் ஹோட்டலின் ஒன்பதாம் மாடியில் அறை எடுத்தார். சொந்த ஊரில் விநோதமான நிமோனியா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். இப்போது அவருக்கே உடம்பு சரியில்லை. ஓர் இரவுதான் தங்கினார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார், மார்ச் 4-ல் இறந்துபோனார். அதற்குள் அந்த மாடியில் தங்கியிருந்த சிலர் தத்தம் வழியில் விமானம் ஏறிவிட்டார்கள். டொரன்டோ, ஹனோய், சிங்கப்பூர் மூன்றிலும் சார்ஸ் என்ற அந்த நிமோனியா பரவியதற்கு அந்த ஓர் இரவுதான் தொடக்கம். பின்னால் சோதித்தபோது அந்த மாடியின் நடைவழிக் கம்பளத்தில் வைரஸின் மரபணுத் தடயம் இருந்தது.

மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சென்ற ஒரு விமானத்தில் 120 பேர் இருந்தார்கள். மூன்று மணி நேரப் பயணம்தான். ஒரே ஒரு நோயாளியிடமிருந்து 22 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று பின்னர் கணித்தார்கள். அவர்களில் சிலர் அந்த நோயாளிக்கு ஏழு வரிசை முன்னால் அமர்ந்திருந்தவர்கள். எல்லா விமானத்திலும் இப்படி நடக்கவில்லை. நோயாளிகள் வந்த வேறு சில விமானங்களில் யாருக்குமே தொற்றவில்லை.

ஏப்ரல் 2-ல் உலக சுகாதார நிறுவனம், அவசியமில்லாமல் ஹாங்காங், குவாங்டாங் பக்கம் போகாதீர்கள் என்றது. ஏப்ரல் 23-ல் டொரன்டோவும் பட்டியலில் சேர்ந்தது. அங்கே தொற்று பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான் இருந்தது என்பதால் கனடாவில் கொதித்துப்போனார்கள். ஒரு வாரத்தில் அறிவிப்பு வாபஸ். ஆனால், பயந்த சுற்றுலாப் பயணிகள் அவ்வளவு சீக்கிரம் திரும்புவார்களா? ஜூலையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை வரவழைத்துப் பல லட்சம் பேர் கூடிய கச்சேரி நடத்தித்தான் ‘ஊர் நன்றாக இருக்கிறது’ என்று காட்ட வேண்டியிருந்தது.

விமான நிலையங்களில் உடல் வெப்பத்தைக் காட்டும் ஸ்கேனர்கள் முளைத்ததும் அப்போதுதான். கனடா விமான நிலையங்களில் ஸ்கேனர், உடல்நலப் படிவம் என்று லட்சக்கணக்கானோரைச் சோதித்தார்கள். ஒரு சார்ஸ் நோயாளிகூடச் சிக்கவில்லை. தொற்றியவருக்கு அறிகுறி தெரியவே 2 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் அவர் எத்தனை எல்லைகளையும் கடந்துவிடலாம்.

பிறகு சார்ஸ் எப்படி அடங்கியது? நோய் முற்றிய இரண்டாவது வாரத்தில்தான் அது அதிகம் பரவியது. அந்தக் கட்டத்தில் ஆள் பெரும்பாலும் மருத்துவமனையில் இருப்பார். தனிமைப்படுத்தினால் சங்கிலி அறுந்துவிடும். 8,098 பேர், 774 மரணங்களோடு ஜூலையில் அது முடிந்தது. கோவிட் அதற்கு நேர்மாறு. அறிகுறி வருவதற்கு முன்பே பரவத் தொடங்கும். 2020-ல் அதே ஸ்கேனரை நெற்றிக்கு நேரே நீட்டியது, என்னைக் கேட்டால், பெரும்பாலும் மன ஆறுதலுக்குத்தான்.

விமான நிலையத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி வேறொரு வழியை முயன்றது. வந்திறங்கும் பயணிகளில் விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் மூக்குச்சளி மாதிரி வாங்கி அதிலுள்ள கோவிட் வைரஸின் மரபணுவைப் படிப்பது. யாரையும் நிறுத்தவில்லை. முதலில் தொடங்கியது இந்தியாவிலிருந்து வந்த விமானங்களில். ஒமைக்ரானின் பிஏ.2, பிஏ.3 வகைகள் அமெரிக்காவில் முதலில் தட்டுப்பட்டது இந்தத் திட்டத்தில்தான். பின்னர் விமானக் கழிவறைத் தண்ணீரையும் சோதிக்க ஆரம்பித்தார்கள்.