பிள்ளை பேரில் பாலிசி: சொந்தக்காரர் யார்?

"பிள்ளை பேர்ல இன்சூரன்ஸ் போட்டாச்சு, பணம் அவனுக்குத்தான்" என்று ராசா வட்டாரத் தோட்டங்களில் பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். தோழர்களே, சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

காப்புறுதி பிள்ளையின் உயிருக்கு. ஆனால் கையெழுத்துப் போட்டு வாங்கிய அப்பாவோ அம்மாவோதான் பாலிசியின் சொந்தக்காரர். ரத்து செய்து பணம் எடுப்பதும், அதன்மேல் கடன் வாங்குவதும் அவர் உரிமை. அம்மா வெட்டுமரச் சம்பளத்தில் சந்தா கட்டினாலும், பாலிசி அப்பா பேரில் இருந்தால் உரிமை அப்பாவுக்கே.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பாலிசி தானாகக் கைமாறிவிடாது. இன்ன வயதில் மாறும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து மூலம் உரிமையை மாற்றிக் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்குள் சொந்தக்காரர் கண்ணை மூடிவிட்டால், வேறு ஏற்பாடு இல்லாத பாலிசி அவர் சொத்தோடு சேர்ந்துவிடும். மற்ற வாரிசுகளும் பங்கு கேட்கலாம்.

அப்பா தன் உயிருக்கே பாலிசி எடுத்துப் பிள்ளையை நாமினியாகப் போட்டால் கதை வேறு. முஸ்லிம் அல்லாதாருக்கு 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி அது பிள்ளைக்கான அறக்கட்டாகிறது. அவர் இறந்தபின் கடன்காரன் அந்தப் பணத்தைத் தொட முடியாது. அறங்காவலர் சம்மதமில்லாமல் அவரே அதை ரத்து செய்யவும் முடியாது.

16 வயதான பிள்ளை தானே பாலிசி எடுக்கலாம். 10 வயது முடிந்திருந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

புதுப் பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஏஜெண்டு வாய்ப்பேச்சை நம்பிப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். சொந்தக்காரர் யார், நாமினி யார் என்று இன்றே பாருங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் சங்கக் கிளைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.