ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும் குரல்

மலேசியாவின் செமினியில் சனிக்கிழமை இரவு நடக்கும் கல்யாண விருந்து எதிலாவது கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். புதுப் படப் பாட்டுகள் ஓடும்வரை மேசைகளில் பேச்சு ஓய்வதில்லை. மேடையிலிருக்கும் வாத்தியக் குழு அலிகேட்ஸ் பாட்டொன்றின் முன்னிசையைத் தொட்டதும் ஐம்பதைத் தாண்டியவர்கள் தலை நிமிர்கிறார்கள். வாய்க்குப் போன கரண்டி பாதியில் நிற்கிறது. "லோகா பாட்டு!" என்கிறார் ஒரு பெரியவர். அதுவரை ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. பக்கத்தில் இருக்கும் பேத்தி, தாத்தா சொல்லி முடிப்பதற்குள் முதல் வரியை முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறாள். அவள் பிறந்தபோது அந்தப் பாட்டுக்கு வயது இருபதுக்கு மேல்.

ஒரு பாடகர்மேல் ரசிகர்கள் வைக்கும் இந்த நீண்ட நாள் பிரியத்தைப் பழைய நினைவு, பழக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் காதையும் மூளையையும் ஆராய்கிறவர்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கண்டுபிடித்திருப்பதைப் படித்தால், அந்தப் பிரியத்துக்குள் நுட்பமான ஓர் அறிவு ஒளிந்திருப்பது தெரிகிறது. ரசிகருக்குத் தெரிந்திருப்பது ஏராளம். எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குவார், எந்த எழுத்தில் குரல் கரகரக்கும், எந்தச் சரணத்தில் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வருவார் என்பதெல்லாம் அவர் காதுக்குள் பதிந்திருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் இன்பமே அந்த அறிவிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் அந்தக் குரல்களின் கதை. பினாங்கைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்துச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும், ரசிகர்கள் லோகா என்று அழைக்கும் லோகநாதன் ஆறுமுகமும். 1960களின் கடைசியில் அவர்கள் அங்கே தொடங்கிய குழுதான் அலிகேட்ஸ். தலையைச் சுற்றி உருண்டு நிற்கும் சுருள்முடியே அவர்களுடைய அடையாளம். 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாட்டுகள் பாடித் தேறினார்கள். நாடு திரும்பி மலாய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, 'சென்யும்லா கோலாலம்பூர்' போன்ற பாட்டுகள் எல்லா இனத்தாரின் வீட்டிலும் ஒலித்தன. ரப்பர் தோட்டத்து லய வீடுகளிலும் ஒலித்தன, சீனர் காப்பிக் கடையிலும் ஒலித்தன. லோகநாதன் 2007 ஜூன் 4ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் காலமானார். டேவிட் அதற்குப் பிறகும் மேடையை விடவில்லை.

அவர்கள் பாடிய முறைக்கு வேர், சோல் என்னும் இசையில் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் புளூசும் கலந்து 1950களில் உருவானது அது. அங்கிருந்து அது கடல் கடந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் எரிவாயுக் குழாய் பொருத்தும் வேலை பழகிய ஜோ காக்கர், அமெரிக்க சோல் பாடகர் ரே சார்ல்ஸைக் கேட்டுக் கேட்டே தன் கரகரத்த குரலை வளர்த்துக்கொண்டார். 1969 ஆகஸ்ட்டில் வுட்ஸ்டாக் திருவிழாவில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை அவர் உடம்பு முறுக்கிப் பாடியதை உலகம் இன்னும் பேசுகிறது. அவரும் 2014இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். எழுபது வயதுவரை அவருடைய ரசிகர்கள் அவரைத் தேடிவந்தது அந்தக் கரகரப்பைக் கேட்கத்தான். ஷெஃபீல்டிலும் பினாங்கிலும் வளர்ந்த பிள்ளைகள், தங்களுக்குச் சொந்தமல்லாத ஒரு பாட்டு முறையைத் தங்களுடைய குரலாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இனி, கரண்டி பாதியில் நின்ற அந்தக் கணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹான்சல் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற பாட்டுகளிலிருந்து 400 மில்லிநொடித் துண்டுகளை மட்டும் வெட்டிக் கேட்கவைத்தார். அரை நொடிக்கும் குறைவு. அதற்குள் ஒரு சொல் முழுதாக வருவதே அரிது. ஆனாலும் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான துண்டுகளுக்குப் பாட்டின் பெயரையும் பாடியவரின் பெயரையும் கேட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். 2019இல் லண்டன் ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். சிறு குழு ஒன்றின் கண்பாவையையும் மூளை மின்னலைகளையும் அளந்தபோது, பழகிய பாட்டுக்கும் பழகாத பாட்டுக்கும் உள்ள வேறுபாடு 100 முதல் 300 மில்லிநொடிக்குள் தெரிந்தது. 'இது என் பாட்டு' என்று மனம் சொல்லிக்கொள்வதற்கு முன்பே கண்பாவை விரிந்துவிடுகிறது.

இவ்வளவு குறைந்த நேரத்தில் மெட்டைக் கேட்க முடியாது. காது பிடித்துக்கொள்வது ஒலியின் நிறத்தை. பாடகரின் குரலில் அந்த நிறம் பிறக்கத் தொடங்கும் இடம் தொண்டையிலுள்ள குரல்நாண்கள். ஆண்களுக்கு இவை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம். உள்ளே தசை, அதன்மேல் கூழ்போன்ற மெல்லிய அடுக்கு, வெளியே ஈரத்தோல். கீழிருந்து வரும் மூச்சுக்காற்று இவற்றைத் திறந்து மூடவைக்கிறது. ஆண் ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. உச்சத்தில் பாடும்போது நானூறையும் தாண்டும். அப்படிப் பிறக்கும் ஒலியைத் தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வடிவம் வடிகட்டுகிறது. சில அதிர்வுகளை அது ஓங்கச் செய்யும், சிலவற்றை அடக்கும். இருவருக்கு ஒரே அளவில் இந்தப் பாதை அமைவதில்லை. அதனால்தான் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடினாலும் இது டி.எம்.எஸ்., இது எஸ்.பி.பி. என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

அண்ணன் தம்பி சேர்ந்து பாடினால் ஏன் அவ்வளவு இழைவாக இருக்கிறது என்பதற்கும் விடை இங்கேதான் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தாரின் முகம் ஒத்திருப்பதுபோலவே வாயறையும் தொண்டையும் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒரே வீட்டில் பேசி வளர்ந்ததால் ஆ, ஈ, ஓ என்ற உயிரொலிகளையும் ஒரே மாதிரி உச்சரிப்பார்கள். இருவரின் குரலிலும் ஓங்கும் அதிர்வுகள் ஒரே இடத்தில் விழும்போது, கேட்பவருக்கு இரண்டு குரல்களின் எல்லை மங்கிவிடுகிறது. பீ ஜீஸ் சகோதரர்களிடம் உலகம் வியந்த அந்த இழைவை, டேவிட்டும் லோகாவும் சேர்ந்து பாடும் இடங்களில் நாமும் கேட்கலாம். நல்ல ஹெட்போனில் ஒரு முறை கேளுங்கள். எது அண்ணன், எது தம்பி என்று பிரித்தெடுக்கக் காது சில கணங்கள் திணறும்.

கரகரப்புக்கு வருவோம். சோல் பாடகர் உணர்ச்சி பொங்கும் இடத்தில் தொண்டையை இறுக்குவார். அப்போது நாண்கள் சீராகத் திறந்து மூடாமல் ஒன்றுவிட்டு ஒன்று முரண்டும். அவற்றுக்கு மேலே உள்ள பொய்நாண்களும் சேர்ந்து அதிரும். அதனால் ஒலியின் வலிமை வெகுவேகமாக ஏறி இறங்கும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஒலி இப்படி ஏறி இறங்குவது மனித அலறலுக்கே உரிய பண்பு என்று காட்டியது. நம் சாதாரணப் பேச்சின் ஏற்ற இறக்கம் நொடிக்கு நான்கைந்து தடவைதான். அந்த வேகமான அதிர்வு காதில் விழுந்தால், ஆபத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா விழித்துக்கொள்கிறது. கரகரத்த குரலில் வரும் காதல் பாட்டு இந்த எச்சரிக்கை மணியை மெல்லத் தட்டுகிறது. ஆபத்து இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் உள்ளுக்குள் நொறுங்குகிறார் என்று உடம்பு நம்புகிறது. அந்த நேரத்தில் நாம் வேறு எதையும் நினைப்பதில்லை.

இதே வித்தையை நம் மண்ணில் பிறந்த இன்னொருவரிடமும் கேட்டிருக்கிறோம். மலேசியாவில் பிறந்து, நாடகமேடையில் பாடிப் பழகி, சென்னைக்குப் போன மலேசியா வாசுதேவன். 1977இல் '16 வயதினிலே' அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1985இல் 'முதல் மரியாதை' படத்தில் சிவாஜியின் நரைத்த மீசைக்குப் பின்னால் ஒலித்தது அவர் குரல். கிராமத்துப் பெரிய மனிதரின் ஏக்கத்துக்கு, பளிங்குபோன்ற குரல் பொருந்தியிருக்காது. நாண்களில் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும் அந்தக் குரல்தான் பொருந்தியது.

குரலும் மூப்படைகிறது. வயதாக ஆக நாண்களின் தசை மெலியும், கூழ் அடுக்கு விறைக்கும், குரல்வளைக் குருத்தெலும்பு எலும்பாக இறுகும், நுரையீரல் கொள்ளும் காற்றும் குறையும். இளமையில் நொடிக்கு ஐந்தாறு தடவை என்று ஓடும் குரல் அசைவு முதுமையில் மந்தமாகி அகலமாகும். மூத்த பாடகர்கள் சுருதியை ஒரு படி இறக்கிக்கொள்வார்கள், நீண்ட இழுப்பை இரண்டாக வெட்டுவார்கள். அதைக் குறையாகக் கேட்காத ரசிகர்தான் அதிகம். ஏன்?

இதற்கு மான்ட்ரியல் நகர மெக்கில் பல்கலைக்கழகம் ஒரு விடை தருகிறது. 2011இல் வெலரி சலிம்பூரும் ராபர்ட் சாடோரும் தங்கள் குழுவினரோடு, தங்களை மெய்சிலிர்க்கவைக்கும் இசையைக் கேட்கிறவர்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவரச் சொல்லி, மூளையில் டோப்பமின் என்னும் இன்ப வேதிப்பொருளின் சுரப்பைப் படமெடுத்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் ஒரு பகுதியில் டோப்பமின் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்னாலேயே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும்போதே வேறொரு பகுதியில் சுரந்தது. ஆக, சிலிர்ப்பு இரண்டு பங்காக வருகிறது. எதிர்பார்ப்பு என்ற முதல் பங்கு, பாட்டைக் கரைத்துக் குடித்தவருக்கே கிடைக்கும். நாற்பது ஆண்டு கேட்டவருக்கு ஒவ்வொரு மூச்சும் தெரியும். மூத்த பாடகர் அந்த இடத்தை நெருங்கி, பழையபடி ஏறாமல், வேறு வழியில் சுற்றி வந்து அதே வீட்டை அடையும்போது, எதிர்பார்ப்பும் வியப்பும் ஒன்றாக மோதுகின்றன. புதிதாகக் கேட்பவருக்குத் தளர்ந்த குரல் ஒன்றே கேட்கும். பழைய ரசிகருக்கு இளமைக் குரலும் முதுமைக் குரலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

அந்த விருந்தில் இருந்த பேத்திக்குப் பாட்டு எப்படித் தெரிந்தது? பதின்பருவத்திலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை கேட்ட பாட்டுகளே ஒருவருக்கு ஆயுள் முழுக்கப் பசுமையாக நிற்கின்றன என்பது பழைய முடிவு. 2013இல் கிரம்ஹான்சல் கல்லூரி மாணவர்களிடம் ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. தங்கள் காலப் பாட்டுகளோடு, பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டுகளும் அவர்களுக்கு நெருக்கமாக இருந்தன. அதற்கும் முந்திய தலைமுறையின் காலமும் தனியாக எழுந்து தெரிந்தது. வீட்டிலும் காரிலும் ஓடிய கேசட் அப்படிப் பிள்ளைகளுக்குச் சொத்தாகிறது. தோட்டம் கைமாறி, செம்பனை வந்து, லயம் இடிந்து, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த செமினி வட்டாரத்தில், அலுங்காமல் கூடவே வந்த சொத்துகளில் பாட்டும் ஒன்று. முதுமையில் மறதிநோய் வந்தாலும், நெடுநாள் பழகிய பாட்டைத் தாங்கும் மூளைப் பகுதிகள் மற்றவற்றைவிடத் தாமதமாகவே சேதமாகின்றன என்று 2015இல் லைப்சிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிள்ளையின் பெயர் மறந்த பாட்டிக்குப் பாட்டு மறக்காதிருப்பது இதனால் இருக்கலாம். நினைவு தடுமாறும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் இருபது வயதில் கேட்ட பாட்டுகளைத் தேடிப் போடுங்கள்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்கா, ஐரோப்பாவின் காதுகளை வைத்துச் செய்யப்பட்டவை. செமினிக் காது வேறு விதமாக வளர்ந்தது. காலையில் வானொலியில் தமிழ்ப் பாட்டு, பள்ளிப் பேருந்தில் மலாய்ப் பாட்டு, இரவில் அண்ணனின் கேசட்டில் ஆங்கில சோல் என்று மூன்று இசை முறைகளும் ஒரே மண்டைக்குள் ஒன்றாகக் குடியேறியிருக்கின்றன. அந்தக் காது எதை எதிர்பார்க்கிறது? மலாய்ச் சொல்லுக்குள் தமிழ்த் தொண்டையின் சாயல் கேட்டால் அதன் டோப்பமின் எப்போது சுரக்கிறது? நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005 முதல் செமினியிலேயே இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய பெரியவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் இருக்கும் அறிவு அவர்களோடு போய்விடுவதற்கு முன், நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அந்த ஆய்வைச் செய்ய வேண்டும்.