ஒரே சைக்கிள்! இரண்டு டாக்டர்கள்! ஆளுக்கு ஒரு கால்!

ஓர் அறையில் ஒரு சைக்கிள். அதை இரண்டு பேர் மிதிக்கிறார்கள். ஒருவர் இந்தப் பக்கம். மற்றவர் அந்தப் பக்கம். இவருக்கு ஒரு கால்தான் வேலை செய்கிறது. அவருக்கும் ஒரு கால்தான்.

எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகரவில்லை. அது, உடல் உழைப்பை அளப்பதற்காகச் செய்த சைக்கிள்!

மிதித்தவர்கள், சுவீடன் நாட்டு டாக்டர்கள் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன். சோதனை செய்தவர்களும் அவர்களே. சோதனைக்கு உள்ளானவர்களும் அவர்களே! 1966-ம் ஆண்டில் இதன் முடிவு வெளியானது.

தசைக்குள் ஒரு குதிர்

நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. அதில் ஒரு பகுதியைத் தசை சேமித்து வைக்கிறது. குதிரில் நெல்லைச் சேர்த்து வைப்பது போல! இந்தச் சேமிப்பின் பெயர் கிளைக்கோஜன்.

டாக்டர்கள் இருவரும், "இனி முடியாது" என்று களைக்கும் வரை மிதித்தார்கள். பிறகு இரண்டு கால்களிலிருந்தும் ஊசியால் சிறு துணுக்குத் தசையை எடுத்துப் பார்த்தார்கள்.

மிதித்த காலில் குதிர் ஏறக்குறையக் காலி! சும்மா இருந்த காலில் சேமிப்பு குறையவில்லை.

அடுத்த 3 நாட்கள் மாவுச்சத்து நிறைந்த உணவைச் சாப்பிட்டார்கள். மிதித்த காலில் சேமிப்பு மறுபடியும் நிரம்பியது. அதோடு நிற்கவில்லை. ஓய்வாக இருந்த காலைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு ஆகிவிட்டது! உழைத்த தசைதான் அதிகம் சேர்க்கிறது.

57 நிமிடம், 167 நிமிடம்

1967-ல் இவர்களும் வேறு இரு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 9 பேரைச் சோதித்தார்கள். வழக்கமான உணவுக்குப்பின் அவர்கள் சராசரியாக 114 நிமிடம் மிதித்தார்கள். கொழுப்பும் புரதமும் மட்டுமே சாப்பிட்டபின் 57 நிமிடம்தான்! மாவுச்சத்து உணவுக்குப்பின் 167 நிமிடம்!

பழகிய கால்

தசைக்குள் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய அடுப்புகள் உள்ளன. பல மாதம் பயிற்சி செய்தால் இந்த அடுப்புகள் பெருகும். அப்போது அதே வேகத்தில் போகும்போது, தசை கொழுப்பை அதிகமாக எரிக்கும். கிளைக்கோஜன் மிச்சமாகும். பயிற்சி பெற்ற வீரர் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் சக்தி தரும். குதிர் காலியானால், வீரரின் வேகமும் குறைந்துவிடும்.

இதற்கும் வழி உண்டு. 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பயிற்சி பெற்ற 7 சைக்கிள் வீரர்கள் சோதிக்கப்பட்டார்கள். மாவுச்சத்து இல்லாத பானம் குடித்தபோது 3 மணி நேரத்தில் களைத்தார்கள். மாவுச்சத்துப் பானம் குடித்தபோது 4 மணி நேரம் மிதித்தார்கள்!

அப்போதும் குதிரில் இருந்தது அதே அளவில்தான் குறைந்தது. ஆனால் இரத்தத்தில் வந்த சர்க்கரை, தசைக்குக் கைகொடுத்தது.

நெடுந்தூரப் போட்டியில் வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்காமலே வாழைப்பழம் தின்பது பசிக்காக மட்டும் அல்ல. குதிர் காலியாகும் முன்பே, காலுக்குப் படி அளக்கிறார்கள்!