எட்டிலிருந்து நேரே பதினேழுக்கு

ஸ்பிரிங், ஜாவா உலகில் பரவலாகப் புழங்கும் ஃப்ரேம்வொர்க். வங்கி, காப்பீடு, இணையக் கடை என்று பல இடங்களில் சர்வருக்குள் இருந்து வேலை பார்க்கிறது. 2022 நவம்பரில் அதன் ஆறாம் பதிப்பு ஒரு நிபந்தனையோடு வந்தது: ஜாவா 17-க்குக் கீழே எதிலும் ஓடாது. ஐந்தாம் பதிப்புக்கோ, 2014இல் வெளியான ஜாவா 8 போதும். நடுவே ஜாவா 11 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருந்தும், அதைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

ஏன் ஓடாது? ஜாவா நிரலைக் கம்பைல் செய்தால் கிளாஸ் கோப்பு கிடைக்கும். அதன் தொடக்கத்திலேயே ஒரு பதிப்பு எண் பதிந்திருக்கும். ஜாவா 8-க்கு 52, 17-க்கு 61. கோப்பை ஓட்டும் ஜேவிஎம் அந்த எண்ணைப் பார்க்கும். தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிய எண் என்றால், உள்ளே ஒரு வரி நிரல்தான் இருந்தாலும் ஏற்காது. பழைய கோப்பு புதிய ஜேவிஎம்மில் பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஓடிவிடும்.

அப்படியானால் பழைய எண்ணிலேயே இருந்துவிடலாமே? இருக்கலாம், ஆனால் பாரம் ஃப்ரேம்வொர்க் எழுதுகிறவர்கள் தலையில் ஏறும். ஜாவா 16இல் நிலைபெற்ற ரெக்கார்டு, 17இல் நிலைபெற்ற சீல்டு கிளாஸ் ஆகிய மொழி வசதிகளை அவர்கள் தங்கள் நிரலில் தொட முடியாது. புதிய வசதி ஏதாவது வேண்டுமென்றால், ஓடும் நேரத்தில் அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, சுற்றுவழியில் அழைக்க வேண்டும். ஆதரிக்கும் ஒவ்வொரு ஜாவாவிலும் சோதனைகளையும் ஓட்ட வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஜாவாவின் நிறுவனத் தொகுப்பு எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறியதில், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய அதன் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. ஸ்பிரிங் ஆறுக்கு வருகிறவர்கள் அந்தப் பெயர்களை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். வீட்டை ஒருமுறை இடிக்கும்போதே குழாயையும் மாற்றிவிடுவது போல, இரண்டு தொல்லைகளையும் ஒரே தடவையில் கொடுத்தார்கள். 11-க்கு ஒருமுறை, 17-க்கு ஒருமுறை என்று இழுத்தடிப்பதைவிட இது நேர்மையான முடிவு என்பேன்.

வலி இல்லாமலில்லை. ஜாவா 8-ஐ விட முடியாதவர்கள் 5.3 பதிப்பிலேயே தங்கினார்கள்; அதற்கான இலவச ஆதரவு 2024 ஆகஸ்டில் முடிந்தது. மற்றபடி, ஒருமுறை உயர்த்திவிட்டோம் என்று ஸ்பிரிங்கை எழுதுகிறவர்கள் தொடர்ந்து உயர்த்திக்கொண்டே போகவில்லை. 2025 நவம்பரில் ஏழாம் பதிப்பு வந்தபோது ஜாவா 25 வெளியாகியிருந்தது. அப்போதும் குறைந்தபட்சத் தேவை 17 தான்.