ஸ்டேட்டஸ் எனும் சிறிய வட்டம்: எது பரவுகிறது, எது மறைகிறது?

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவரைக் காக்க முயன்ற தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். கைதானவர்களுள் அவருடைய பள்ளியின் ஆதிக்கச் சாதி மாணவர்களும் இருந்தனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கையில் கட்டிய கயிறு ஆசிரியரின் கண்ணில் படும். கைபேசியில் ஏற்றப்படும் சாதிப் பெருமிதப் பதிவு யார் கண்ணில் படும்? அது எந்தத் தளத்தில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

இன்ஸ்டாகிராமில் பொதுக் கணக்கிலிருந்து வெளியாகும் ரீல்ஸை, பதிவிட்டவரை அறியாதவர்களுக்கும் அத்தளத்தின் பரிந்துரை முறை கொண்டு சேர்க்கிறது. முகநூலில் விருப்பக்குறியும் பின்னூட்டமும் பகிர்வும் பதிவை மேலே தள்ளுகின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோ ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்து வைத்திருப்போரிடையே மட்டும் காட்டப்பட்டு, 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. வதந்திக் கொலைகளையடுத்து 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 அரட்டைகளுக்கு மட்டுமே அனுப்பலாம் என வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு 2020 முதல் அவ்வரம்பு ஒன்றாகக் குறைந்தது.

பரவல் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று கருதிவிடலாகாது. லட்சம் பேர் காணும் ரீல்ஸைச் செய்தியாளரும் காவல்துறையும் காண்கின்றனர். இருநூறு பேர் காணும் ஸ்டேட்டஸைக் காண்பவர்களோ அதே தெருவினர், அதே வகுப்பினர், அதே பேருந்தில் செல்வோர். இலக்கு யார், அவர் வீடு எது என்பதை அறிந்தவர்களும் அவர்களே. தாமிரபரணிக் கரையூர்களில் இந்த நெருக்கமே மிரட்டலின் வலிமை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள், இழிவு ‘பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நிகழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. முகநூல் பதிவின் அமைப்பு ‘தனிப்பட்டது’ என்றிருந்தாலும் குற்றமாகலாம் என 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் அப்பதிவு குறிப்பிட்ட நபரை நோக்கியதன்று எனக் கூறி அவ்வழக்கை ரத்து செய்தது. பட்டியல் சாதியினர்மீது பகைமையை வளர்ப்பதைத் தண்டிக்கும் 3(1)(யு) பிரிவில் ‘பொதுப்பார்வை’ என்ற நிபந்தனை இல்லை. ஆனால் அது தனிநபரை அன்றி, சமூகத்தையே குறிவைக்கும் பதிவுகளுக்குப் பொருந்தும் என 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, பதிவு யாரை நோக்கியது என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுவது இன்றியமையாதது.

ஸ்டேட்டஸுக்குச் சாட்சி, அதைப் பார்த்தவர் மட்டுமே. பெயர், எண், தேதி, நேரம் தெரியும்படி அதை உடனே திரைப்பதிவு செய்ய வேண்டும். பார்த்த கைபேசியைப் பாதுகாக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவை. கோபத்தில் அப்பதிவைப் பல குழுக்களுக்கு அனுப்புவது, எட்டாத தொலைவுக்கும் இழிவை நாமே சுமந்து செல்வதாகும். அது சென்று சேர வேண்டிய இடம் புகார் மனு.