கிருஷ்ணன்கோவிலில் கொடுக்கும் புகார் மியாவதி வரை போகும்

மாலையில் கிருஷ்ணன்கோவில் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கும் ராஜபாளையம் பஸ்ஸுக்கும் காத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள்தான் கண்ணில் படுவார்கள். கணினியும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்த இந்த வயதுக்காரர்களைத்தான் மோசடிக் கும்பல்கள் தேடுகின்றன. "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, விசா, டிக்கெட் இலவசம்" என்று செல்போனில் செய்தி வரும். நம்பி பாங்காக்கில் இறங்கியவர்களை மே சோட் எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடக்கவைத்து, மியான்மரின் மியாவதியில் அடைத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழக இளைஞர்கள் 13 பேர் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள்.

பிள்ளை சிக்கிக்கொண்டது தெரிந்தும் பல பெற்றோர் ஏஜென்ட்டின் வாக்கையே நம்பிக் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டு விவகாரத்தில் உள்ளூர் ஸ்டேஷன் என்ன செய்துவிடும் என்ற எண்ணம். அது தவறு.

196 நாடுகள் சேர்ந்துள்ள இன்டர்போலுக்கு ஆளைக் கைதுசெய்யும் சொந்தப் படை கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒரு தேசிய மையம் உண்டு. இந்தியாவில் அந்தப் பொறுப்பு டெல்லியில் உள்ள சிபிஐயிடம் இருக்கிறது. மாநில போலீஸ் கேட்டால், சிபிஐ வழியாகக் காணாமல் போனவருக்கு மஞ்சள் அறிவிப்பும், தேடப்படும் குற்றவாளிக்குச் சிவப்பு அறிவிப்பும் பெற வழியுண்டு. போலீஸுக்கும் சிபிஐக்கும் இடையிலான இந்தக் கடிதப் போக்குவரத்தை விரைவாக்க 2025 ஜனவரியில் 'பாரத்போல்' இணையதளம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஏதோ ஒரு ஸ்டேஷனில் பதிவான வழக்குதான்.

உள்ளூர் வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டை நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் அது. அந்தச் சிலைக் கடத்தலில் சிவப்பு அறிவிப்பு மூலம் தேடப்பட்ட நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர், 2011 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். சிவப்பு அறிவிப்பு மட்டுமே கைது வாரண்ட் ஆகிவிடாது. அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு செய்யும். ஜெர்மனி அவரை ஒப்படைக்க 2012 ஜூலை ஆனது. கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது 2022 நவம்பரில். தாமதம் வேதனைதான். ஆனாலும் ஆள் தப்பவில்லை.

குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவு உரிமை தருகிறது. எஃப்ஐஆர் நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கூடவே பிள்ளை சிக்கியிருக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் எழுதுங்கள். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள்.

புறப்படும் முன் ஏஜென்ட்டின் உரிம எண்ணை 'இமைகிரேட்' இணையதளத்தில் சரிபாருங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று சொல்பவரை அங்கேயே விட்டு விலகுங்கள்.

ஏற்கெனவே சிக்கியவருக்காகப் புகார் கொடுத்தால், ஸ்டேஷனில் முதலில் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அது எஃப்ஐஆர் அல்ல. அதோடு திருப்தியடைந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் கைக்கு வரும்வரை கேளுங்கள்.