வீட்டுத் தொட்டியில் ஒரு பேத்தை மீன்



கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன்களைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை. அதிலும், அச்சமுற்றவுடன் தண்ணீரை விழுங்கிப் பந்துபோல் உப்பிவிடும் பேத்தை மீனைப் பார்த்துவிட்டால், வாங்கித் தரும்வரை பெற்றோரை விடமாட்டார்கள். வாங்குமுன் அறிய வேண்டியவை சில உள்ளன.

கடல்நீர்த் தொட்டிக்கு ஏற்ற சிறிய பேத்தைகளுள் ஒன்று 'வாலன்டினி'. 1853-ஆம் ஆண்டில் பிளீக்கர் என்னும் டச்சு அறிஞர் இதனை விவரித்து எழுதினார். இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் பவளப்பாறைகளில் வாழும் இம்மீன் சுமார் 11 சென்டிமீட்டர் வரையே வளரும். வெண்ணிற உடலின்மீது சேணம் பூட்டியது போன்று நான்கு கரும்பட்டைகள் காணப்படும். இதன் உடலில் நஞ்சு இருப்பதால் பெரிய மீன்கள் இதனைத் தவிர்க்கின்றன. நஞ்சில்லாத வேறொரு மீனோ, இதே நிறமும் வடிவமும் பூண்டு, அந்த அச்சத்தின் நிழலில் உயிர் பிழைக்கிறது! படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்காமல் இருக்க முடியுமா?

தண்ணீரே முதல் தேவை

இதற்குச் சமையல் உப்பு உதவாது. கடல்மீன் வளர்ப்புக்கென விற்கப்படும் உப்புக் கலவையை, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், குளோரின் நீக்கிய நீரில் கரைக்க வேண்டும். தொட்டி 110 லிட்டருக்குக் குறையலாகாது. வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருத்தல் நலம். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும். ஏனெனில் நீர்தான் ஆவியாகிறதேயன்றி உப்பு ஆவியாவதில்லை.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றுகிறது. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை எனச் சோதித்தறிந்த பின்னரே மீனை விடுங்கள். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கிச் சென்றால், சில நாட்களிலேயே மீன் செத்து மிதக்கக் கூடும்.

வளரும் பற்கள்

இதன் பற்கள் கிளியின் அலகு போன்றவை. வாழ்நாள் முழுதும் வளர்பவை. தேய்வதற்கு வழியில்லாவிடில் வாய் திறக்க இயலாமல் மீன் பட்டினி கிடக்கும். ஆகவே ஓட்டுடன் கூடிய இறால், மட்டி, சிறு நத்தை ஆகியவற்றைக் கொடுங்கள். பிற மீன்களின் துடுப்புகளையும் பவளங்களையும் கடிக்கும் இயல்பு இதற்கு உண்டு. எனவே மெதுவாக நீந்தும், நீண்ட துடுப்புள்ள மீன்களுடன் சேர்க்காதீர்கள். ஒரு தொட்டிக்கு ஒரு பேத்தையே போதும்.

எச்சரிக்கை

உப்புவது விளையாட்டன்று, உயிருக்கு அஞ்சிச் செய்யும் தற்காப்பு. அதைக் காண்பதற்காகக் குழந்தைகள் சீண்டுவதைத் தடுத்துவிடுங்கள். வலையால் நீருக்கு வெளியே தூக்கினால் காற்றை விழுங்கித் துன்புறும். பாத்திரத்தில் நீரோடு முகந்தே மாற்றுங்கள். மற்ற மீன்களுக்குரிய செதில் காப்பு இதற்கு இல்லை. ஆதலால் செம்பு கலந்த மருந்துகளில் மிகுந்த கவனம் தேவை. இதன் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. சமைத்தாலும் அது அழியாது. மீன் இறந்தால் பூனைக்குப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்புடன் விசாரித்த செய்தியை நாம் அறிவோம். பூனையை அடைத்து வைத்து, உணவளிக்காமல் சாகவிட்ட பெண்ணின் முடிவையும் அறிவோம். வளர்க்க அனுமதி உண்டு. வாட விட அனுமதி இல்லை.

நீங்கள் பத்து நாள் ஊருக்குச் சென்றால் உணவிடுவது யார்? மின்சாரம் நின்றால் தொட்டிக்குக் காற்றூட்ட என்ன வழி? கோடை வெப்பத்தில் நீரைக் குளிர்விப்பது எப்படி? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் வாங்குங்கள். இல்லையேல் அச்சிறு மீன் கடலிலேயே இருக்கட்டும்.